வாசகர் கேள்வி–பதில்: ஜார் காலத்து ரஷ்யாவுக்கு ரயிலிலும் வேனிலும்

சென்ற இதழில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்து ரயிலிலும் வேனிலுமாக ஜார் எனப்படும் மன்னர்கள் ஆண்ட காலத்து ரஷ்ய ஊர்களைச் சுற்றிவருவது பற்றி எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். சில கேள்விகளுக்கு நின்று நிதானமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

ஈசூன் வாசகி: நாங்கள் நான்கு குடும்பம், மொத்தம் 11 பேர். பயண முகவர் கொடுத்த திட்டத்தில் பீட்டர்ஸ்பர்க் நான்கு நாள், மாஸ்கோ மூன்று நாள், அவ்வளவுதான். நீங்கள் கோஸ்த்ரோமா, யெகாத்தரின்பர்க் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? எந்த வரிசையில் போவது?

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்காதீர்கள். அங்குள்ள அரண்மனைகளின் தங்கப் பூச்சைப் பார்த்துவிட்டு மாஸ்கோவுக்கு வந்தால், கிரெம்ளின் கோட்டையின் தேவாலயங்கள் சிறியதாகவும் இருட்டாகவும் தோன்றும். மாஸ்கோவில் தொடங்குங்கள். கிரெம்ளினுக்குள் இருக்கும் தலைமைத் தூதர் மிக்கேல் தேவாலயத்தில், மகா பீட்டருக்கு முந்தைய ஜார்களில் பெரும்பாலோரின் கல்லறைகள் உள்ளன. பயங்கர இவான் அங்கேதான் கிடக்கிறார். ரோமனோவ் வம்சத்தின் முதல் ஜாரான மிக்கேலும் அங்கேதான்.

அந்த மிக்கேலைத் தேடித்தான் கோஸ்த்ரோமாவுக்குப் போகச் சொல்கிறேன். வோல்கா நதிக்கரை ஊர் அது. 1613-ல் மாஸ்கோவிலிருந்து ஒரு தூதுக்குழு அங்குள்ள இபாத்தியேவ் மடாலயத்துக்கு வந்து, நீதான் எங்கள் ஜார் என்று மிக்கேலிடம் சொன்னபோது அவனுக்கு வயது 16. அவன் தாய் மார்ஃபா முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒப்புக்கொள்வாளா? அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் ரஷ்யா பஞ்சத்தையும் போலந்துப் படையெடுப்பையும் பார்த்திருந்தது. நான்தான் செத்துப்போன இளவரசன் என்று சொல்லிக்கொண்டு வந்த போலி ஜார்களையும் பார்த்திருந்தது. பிள்ளையைச் சிம்மாசனத்துக்கு அனுப்புவதும் கொலைக்களத்துக்கு அனுப்புவதும் அந்தத் தாய்க்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். பேரரசு என்றால் என்ன என்பது எந்த அரண்மனையையும்விட அந்த மடாலயத்தின் வெள்ளைச் சுவர்களுக்குள் நின்றால் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அதற்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க். 1703-ல் மகா பீட்டர் சுவீடனிடமிருந்து பிடித்த சதுப்பு நிலத்தில் எழுப்பி, பின்னர் தலைநகராக்கிய ஊர். 1721-ல் சுவீடனுடன் உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான் அவர் பேரரசர் என்ற பட்டத்தைச் சூடினார். அங்குள்ள பீட்டர்–பால் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்துக்கு மட்டும் ஒரு காலை முழுவதையும் ஒதுக்குங்கள். பீட்டர் தொடங்கி கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் வரை பெரும்பாலான பேரரசர்கள் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மாஸ்கோ தேவாலயத்தையும் இதையும் இரண்டு புத்தக அட்டைகளாக வைத்துக்கொண்டால், நடுவில் பார்ப்பதெல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் யெகாத்தரின்பர்க். மாஸ்கோவிலிருந்து ரயிலில் சுமார் 1,800 கிலோமீட்டர். ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். 1918 ஜூலை 17 அதிகாலையில் நிக்கோலஸ், மனைவி, ஐந்து பிள்ளைகள், கூடவே மருத்துவர் போத்கினும் மூன்று பணியாளர்களுமாக 11 பேர் அந்த ஊரில் ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொறியாளர் இபாத்தியேவ் என்பவரின் வீடு அது. ஆம், கோஸ்த்ரோமா மடாலயத்துக்கும் அதே பெயர்தான். அந்த வீடு 1977-ல் இடிக்கப்பட்டது. அப்போது அந்த வட்டாரத்தின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்தவர் போரிஸ் யெல்ட்சின். 1998-ல் எலும்புகள் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டபோது, நாட்டின் அதிபராக வந்து தலைவணங்கி நின்றவரும் அவரே. வீடு இருந்த இடத்தில் 2003 முதல் பெரிய தேவாலயம் நிற்கிறது.

விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாமே என்று முகவர் சொல்வார். வேண்டாம். உங்கள் 11 பேருக்கு நான்கு படுக்கை கொண்ட கூப்பே அறைகள் மூன்று எடுத்தால் போதும். மிச்சமாகும் ஒரு படுக்கையில் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். ரயில் பெட்டியின் கோடியில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். அந்த ரயில் பெட்டிக்குப் பொறுப்பான அம்மையாரிடம் கேட்டால், வேலைப்பாடு செய்த உலோகப் பிடிக்குள் செருகிய கண்ணாடித் தம்ளர் கொடுப்பார். தம்ளர் சுட்டாலும் கை சுடாது. ரயில் குலுங்கினாலும் எளிதில் கவிழாது. அதில் தேயிலையைப் போட்டு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பிர்ச் மரங்கள், மரவீடுகள், மறுபடியும் பிர்ச் மரங்கள். மணிக்கணக்காக மாறாத அந்த நிலத்தைப் பார்த்தால்தான், பீட்டர்ஸ்பர்க்கில் போட்ட ஒரு கையெழுத்து இந்த மூலைக்கு வந்துசேர எவ்வளவு நாள் பிடித்திருக்கும் என்பது உறைக்கும்.

செங்காங் வாசகர்: போர் நடக்கும் நாட்டுக்கு இப்போது போகலாமா? பணம், விசா எல்லாம் எப்படி?

நேராகவே சொல்கிறேன். 2022 முதல் நிலைமை மாறிவிட்டது. வெளிநாட்டில் வழங்கப்பட்ட வங்கி அட்டைகள் (விசா, மாஸ்டர்கார்டு) அங்கே வேலை செய்யாது. ரொக்கத்தைக் கையில் வைத்துத்தான் சமாளிக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் வேறு நாடு வழியாகப் போகவேண்டும். ட்ரோன் தாக்குதல் பயத்தில் விமான நிலையங்கள் திடீரென்று மூடப்படுவதுண்டு. கைபேசி இணையமும் சில நேரம் துண்டிக்கப்படும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு மின்விசா உண்டு. ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். நம் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையைப் படியுங்கள். உங்கள் பயணக் காப்புறுதி அந்த நாட்டுக்குச் செல்லுமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தினசரி மருந்தை நம்பியிருப்பவர்கள், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

மனசாட்சி ஒப்பவில்லை, அதனால் போகமாட்டேன் என்பவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த உணர்வை மதிக்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ரஷ்யப் பேரரசு இன்றைய ரஷ்யாவோடு முடிந்ததல்ல. ஃபின்லாந்து 1809 முதல் 1917 வரை ஜார்களின் கீழ் இருந்தது. ஹெல்சின்கியின் செனட் சதுக்கத்தில் இரண்டாம் அலெக்சாண்டர் சிலை இன்னமும் நிற்கிறது. அங்கிருந்து இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் எஸ்தோனியாவின் தாலின். பீட்டர் தன் மனைவி முதலாம் கேத்தரினுக்காக 1718-ல் கட்டத் தொடங்கிய காத்ரியோர்க் அரண்மனை அந்த ஊரில்தான் இருக்கிறது. பிறகு பேருந்தில் லாட்வியாவின் ரீகாவுக்குப் போங்கள். அதன் தெற்கே ருண்டாலே அரண்மனை. பேரரசி ஆனாவின் செல்வாக்கு மிக்க ஆசைநாயகன் பீரோனுக்காக அதைக் கட்டியவர் ரஸ்த்ரெல்லி. பின்னாளில் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனையைக் கட்டியவரும் அவரே. தரைவழியாக, சிறு குழுவாக, ஒரு வாரத்தில் அருமையாகப் பார்த்துவிடலாம். ஷெங்கன் விசாவும் நமக்குத் தேவையில்லை.

தோ பாயோ வாசகர்: கிரெம்ளினில் இருக்கும் பெரிய வைரம் ஸ்ரீரங்கம் பெருமாளின் கண் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?

உங்கள் தாத்தா மட்டும் சொன்ன கதையல்ல அது. நகைகளைப் பற்றி எழுதும் ஐரோப்பியர்களும் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை.

அந்த வைரத்தின் பெயர் ஓர்லோவ். 189.62 காரட். கிரெம்ளினில் வைர நிதியம் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. ஆயுத அரும்பொருளகத்துக்கு வாங்கிய டிக்கெட் இதற்குச் செல்லாது, தனியாக வாங்கவேண்டும். உள்ளே படம் எடுக்கவும் முடியாது. வைரம் தனியாகக் கிடக்காது. பேரரசின் செங்கோலில், இரட்டைத் தலைக் கழுகுக்குக் கீழே பதித்திருக்கிறார்கள். மேற்பக்கம் குவிந்து, அடிப்பக்கம் தட்டையாக, லேசான நீலப்பச்சை ஓட்டத்தோடு இருக்கும். ஐரோப்பியப் பட்டை தீட்டல் போலப் பளிச்சிட்டு மின்னாது. இந்தியப் பழைய முறையில் மேலே சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டியிருப்பதால் ஒளி உள்ளேயே தங்கி மெல்லக் கசியும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கொஞ்சம் இடமும் வலமுமாக நகர்ந்து பாருங்கள், தெரியும்.

கதை இதுதான். ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் படையை விட்டு ஓடி, பக்தனாக வேடமிட்டுக் கோயிலில் இடம்பிடித்து, ஒரு புயல் இரவில் கண்ணைப் பெயர்த்துக்கொண்டு மெட்ராஸுக்கு ஓடி, ஒரு ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் விற்றுவிட்டானாம். காலம் பொருந்தாமல் இல்லை. கர்நாடகப் போரின்போது பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் முகாமிட்டிருந்ததும், 1752-ல் அங்கேயே ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் வரலாறு. கதை பிறக்க அது போதும்.

ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது வேறு கருத்து. தாவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் 1665-ல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் ஒரு பெரிய வைரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். முட்டையைக் குறுக்கே வெட்டிய பாதி போல இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மகா மொகல் என்று அழைக்கப்பட்ட அந்தக் கல் பிறகு காணாமல் போனது. ஓர்லோவின் உருவத்தை நேரில் பார்த்தவர்கள், இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று கருதுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கதைக்கு அப்படிப்பட்ட நேர்ச் சாட்சி கிடையாது. கல் இந்திய மண்ணிலிருந்து போனது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. கிரிகோரி ஓர்லோவ் 1770-களில் அதை வாங்கிப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் கொடுத்தார். 1762-ல் கணவரைக் கவிழ்த்துவிட்டுக் கேத்தரின் ஆட்சியைப் பிடிக்க உதவிய சகோதரர்களில் ஒருவர் இந்த ஓர்லோவ். வைரம் கொடுத்த நேரத்தில் அரசியின் மனத்தில் அவருக்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

பிடோக் வாசகர்: கடைசி ஜார் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார் என்கிறார்களே?

வந்திருக்கிறார். 1891-ல், அப்போது பட்டத்து இளவரசர். பாமியத் அசோவா என்ற போர்க்கப்பலில் எகிப்து, இந்தியா, இலங்கை எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்து, ஜாவா, சயாம், சீனா வழியாக ஜப்பானுக்குப் போனார். ஜப்பானின் ஓட்சு நகரில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரே வாளால் அவர் தலையில் வெட்டினார். ரத்தக்கறை படிந்த அந்தச் சட்டை ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து யெகாத்தரின்பர்க் எலும்புகளின் மரபணுவை ஒப்பிட அதுதான் கைகொடுத்தது.

அதற்கு அடுத்த கட்டம்தான் நம் தலைப்புக்கு நெருக்கமானது. அங்கிருந்து விளாதிவொஸ்தோக் போய், சைபீரிய ரயில்பாதையின் கிழக்கு முனைக்கு அடிக்கல் நாட்டினார். பாதை இனிமேல்தான் போடவேண்டும். ஆகவே குதிரை வண்டியிலும் நதிப் படகிலுமாக சைபீரியா முழுவதையும் தரைவழியே கடந்து தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பினார். வழியில் தொபோல்ஸ்க் என்ற ஊரில் இறங்கி, மக்கள் வரவேற்பை ஏற்றுக்கொண்டார். 26 ஆண்டு கழித்து, 1917 ஆகஸ்டில், அதே ஊருக்குக் குடும்பத்தோடு கைதியாக வந்தார். ஆளுநர் மாளிகையில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். அந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். யெகாத்தரின்பர்க் வரை போகிறவர்கள், இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் தியுமென் வழியாகத் தொபோல்ஸ்க்குக்கும் போய்விடுங்கள். பெரிய பேருந்துக் கூட்டம் வராத ஊர் அது. ஏழெட்டுப் பேர் கொண்ட குழு என்றால், மாளிகையின் ஒவ்வொரு அறையிலும் நிதானமாக நிற்கலாம்.

இன்னொன்று. 1905 ஏப்ரல் 8 அன்று, ரஷ்யாவின் பால்டிக் கப்பற்படை நம் நீரிணை வழியாகப் புகைவிட்டுக்கொண்டு போனதைச் சிங்கப்பூரே பார்த்தது. ஜப்பானோடு சண்டையிட உலகத்தில் பாதியைச் சுற்றிவந்த படை அது. மே 27 அன்று சுஷிமாவில் அடியோடு தோற்றது. தப்பிய கப்பல்களில் ஒன்று அவ்ரோரா. 1917 புரட்சி இரவில் வெற்றுக் குண்டு முழக்கிய அந்தக் கப்பல், இன்று பீட்டர்ஸ்பர்க்கில் நெவா ஆற்றில் நிற்கிறது. நீங்கள் ஏறிப் பார்க்கலாம். நம் ஊரைக் கடந்துபோன கப்பல் என்ற நினைப்போடு ஏறுங்கள். தப்பிய இன்னொரு கப்பல் ஷெம்சுக். மெட்ராஸ்மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1914 அக்டோபர் 28 அன்று அதைப் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்தது. இறந்த மாலுமிகள் சிலரின் கல்லறை பினாங்கின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ், தொடக்கக் கல்லூரி மாணவி: அரண்மனை, நகை, தேவாலயம் என்றே எல்லாப் பயணத் திட்டமும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் உழைத்தவர்களை எங்கே பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்கிறேன், அம்மா. 1861-ல் இரண்டாம் அலெக்சாண்டர் ஒழிக்கும்வரை ரஷ்யாவில் பண்ணையடிமை முறை இருந்தது. நிலத்தோடு மனிதர்களையும் சேர்த்து விற்றார்கள், சீட்டாட்டத்தில் பணயம் வைத்தார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேருக்குக் கடிதம் எழுதிய அறிவாளி இரண்டாம் கேத்தரின்கூட, தனக்குப் பிடித்தவர்களுக்குக் குடியானவர்களை ஆயிரக்கணக்கில் பரிசாகக் கொடுத்தவர்தான். 1790-ல் ரதீஷ்செவ் என்ற அதிகாரி, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோ செல்லும் சாலையில் ஒவ்வொரு குதிரை மாற்றும் நிலையத்திலும் கண்ட கொடுமைகளை எழுதி அச்சிட்டார். முதலில் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு சைபீரியாவுக்கு நாடுகடத்தினார்கள். இன்று அதிவேக ரயில் அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. உங்கள் குழு வேனில் போவதானால், நடுவில் வெலிக்கி நோவ்கொரோதில் ஒரு இரவு தங்கி, பழைய சாலை வழியாகப் போகச் சொல்லிக் கேளுங்கள்.

மாஸ்கோவில் கூஸ்கோவா போங்கள். ஷெரெமெத்தியேவ் பிரபுக்களின் கோடைகால மாளிகை. ஏராளமான பண்ணையடிமைகளை வைத்திருந்த குடும்பம் அது. கட்டியவர்கள், வரைந்தவர்கள், மேடையில் பாடியவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குச் சொந்தமானவர்கள். அவர்களில் பிரஸ்கோவியா என்ற பெண், ஒரு கொல்லனின் மகள். சிறுமியாக இருந்தபோதே மாளிகைக்குக் கொண்டுவந்து பாட்டும் பிரெஞ்சும் இத்தாலியமும் கற்றுக்கொடுத்தார்கள். கேத்தரினே பாராட்டி மோதிரம் கொடுத்த பாடகி. ஆனாலும் சட்டப்படி உடைமை. நிக்கோலாய் ஷெரெமெத்தியேவ் அவளை விடுவித்து, 1801-ல் ரகசியமாக மணந்தார். 1803-ல், பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் அவள் காசநோயால் இறந்தாள். கட்டடக் கலைஞரின் பெயரை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். பிரஸ்கோவியாவைப் பற்றி நீங்கள் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

பீட்டர்ஸ்பர்க்கில் ரத்தம் சிந்திய மீட்பர் தேவாலயத்துக்குள் போனால், எல்லோரும் அண்ணாந்து மொசைக்கைப் பார்ப்பார்கள். மேற்குப் பக்கம் விதானத்தின் கீழே குனிந்து பாருங்கள். 1881-ல் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் விழுந்த தெருவின் கற்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. பண்ணையடிமைகளை விடுவித்தவருக்கு ஏன் அந்த முடிவு? விடுதலை கொடுத்தார்; நிலத்துக்கு மட்டும் 49 ஆண்டுத் தவணையில் பணம் கட்டச் சொன்னார். உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல தொடக்கம் அது.

புக்கிட் பாத்தோக் வாசகர்: தமிழோடு தொடர்புள்ள இடம் ஏதாவது அங்கே உண்டா?

பீட்டர்ஸ்பர்க்கில் குன்ஸ்ட்காமெரா. 1714-ல் பீட்டர் தொடங்கிய அருங்காட்சியகம். மெர்வார்த் என்ற தம்பதி 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து பொருள்களைத் திரட்டி அதற்கு அனுப்பினார்கள். அந்தக் கணவர் 1929-ல் பேச்சுத் தமிழுக்கு ஒரு இலக்கண நூலே எழுதினார். அவர்களுக்கும் முன்னால், லெபெதேவ் என்ற இசைக்கலைஞர் 1785-ல் மெட்ராஸுக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கித் தமிழ் கற்றார். பிறகு கல்கத்தாவில் வங்காள நாடகம் போட்டவரும் அவரே.

ஜூரோங் வாசகி: எந்த மாதம் நல்லது?

ஜூன். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பீட்டர்ஹோஃப் நீரூற்றுகளும் ஓடும். இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வருகிறது, பம்பே கிடையாது. அக்டோபர் நடுவோடு நிறுத்திவிடுவார்கள். நம் பள்ளி விடுமுறையும் ஜூனில்தான். கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

அங் மோ கியோ வாசகி: அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு சுத்த சைவம். கூட்டிப்போகலாமா?

முழங்கால் வலியைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். அரண்மனைகளில் பளிங்குப் படி ஏறாமல் எதையும் பார்க்க முடியாது. மின்தூக்கி இருக்கும் இடங்களிலும் கேட்டால்தான் திறந்துவிடுவார்கள். முகவரை முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ மிகவும் ஆழம். நகரும் படிக்கட்டில் இறங்கவே சில நிமிடம் பிடிக்கும், வேகமும் நம் எம்ஆர்டியைவிட அதிகம். வேன் வைத்துக்கொள்ளும் சிறு குழு என்றால் மெட்ரோவையே தவிர்த்துவிடலாம். ரயிலில் அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். போஸ்ட்னயே என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். நோன்பு நாளில் உண்ணும் உணவு அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம் பல உணவகங்களில் அதற்கென்றே தனிப் பட்டியல் வைப்பார்கள். சில நோன்பு நாள்களில் மீன் உண்டு, ஆகவே மீனில்லாமல் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். போர்ஷ் சூப் பார்க்க பீட்ரூட் ரசம் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் வைப்பது, கேட்காமல் வாங்காதீர்கள். க்ரேச்கா என்ற பக்வீட் சோறு எங்கும் கிடைக்கும். காளான் வதக்கல், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் அடைத்த பீரோஷ்கி எல்லாம் உண்டு. தேக்காவில் இட்லிப்பொடியும் ஒரு பாட்டில் மாவடுவும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். க்ரேச்காவோடு இரண்டுமே நன்றாகச் சேரும்.